மூன்று வாரமாக எரிந்த சிவப்பு விளக்கு

ஐப்பசி, செவ்வாய் இரவு

பார்வையற்றோர் பள்ளியின் சர்வர் இன்று நின்றுவிட்டது. என் மனைவி மேரி சாகும்வரை வாசித்துப் பதிவு செய்த பாடங்கள் எல்லாம் அதில்தான் இருந்தன. வாரம் ஒருமுறை போய் அதைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

உள்ளே நான்கு டிஸ்க். நான்கு பேர் தூக்கும் பெஞ்சு மாதிரி. ஒருவன் கையை விட்டால் மற்றவர்கள் தாங்குவார்கள், இன்னொருவனும் விட்டால் கீழேதான். எல்லோருக்கும் இந்த உதாரணத்தைச் சொன்னவன் நான். மூன்று வாரம் முன்பே ஒன்றில் சிவப்பு விளக்கு எரிந்தது. பாடங்கள் ஒழுங்காக ஓடின. மெதுவாகப் படிக்கும் பிள்ளைக்குத் தவணை கொடுப்பதுபோல, லீவில் மாற்றலாம் என்று விட்டுவிட்டேன். இன்று இரண்டாவதும் போனது.

பழுது பார்க்க வந்தவர் கேட்டார், "ஒண்ணு போனப்பவே கூப்பிட்டிருக்கலாமே சார். வேற காப்பி இருக்குங்களா?"

இல்லை.

பிளஸ் டூ செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "விடுங்க சார், பாடந்தானே? வேற யாராவது படிச்சுக் குடுப்பாங்க."

"ஆமாம்மா" என்றேன்.

கே.கே. நகர் வரும்வரை பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன். வீட்டில் மேரியின் போட்டோ நிறைய இருக்கிறது. குரல் வேறெங்கும் இல்லை.