கண் திறவாத் திருவுருவம்

நலம் சூழ்க, அறம் வெல்க. நீலவரை நாடு முழுதும் ஒரு குடைக்கீழ் ஆளும் வேழவேந்தர் திருவாணைப்படி, அவர்தம் மகாமந்திரி காரி நக்கனார், முத்தலைத்துறைக் காவலர் அரையன் மல்லனாருக்கு விடுக்கும் ஓலை. உம் துறையில் கலங்கள் பழுதின்றிக் கரை சேர்க. உம் உப்பளங்களில் வெயில் குறையாதிருக்க. உம் மனையோர் நோயின்றி வாழ்க.

உம் முறையீடு வந்தது. அரண்மனைச் சித்திரமாடத்தை விட்டு விலகி, உம் துறையில் தனித்தொழில் தொடங்கிய ஓவியப்பெண் சாத்தி, வேந்தரின் திருவுருவைக் கண்ணில்லாமல் எழுதிவிட்டாள் என்றும், இது பகைவர் ஏவிய தீவினையே என்றும், அவள் வலக்கைப் பெருவிரலைத் துணிக்க ஆணை வேண்டும் என்றும் எழுதியிருந்தீர். படித்த மகாமந்திரியாருக்கு உள்ளம் பதறியது. வேளை தவறாமல் வரும் அரண்மனைச் சோற்றை உதறிப் போனவள்மீது அவருக்கு முன்பே ஐயம் உண்டு. நெருப்பில்லாமல் புகையுமா என்று எண்ணினார்.

ஆகவே மிளகு வணிகன் வேடத்தில் ஒற்றன் ஒருவனை அனுப்பினார். அவள் குடிலில் கப்பல் தலைவன் ஒருவனின் படம் கண்ணின்றி நின்றது. செட்டிச்சி ஒருத்தியின் படமும் அவ்வாறே. படத்தில் அச்செட்டிச்சியின் தோளில் இருந்த கிளிக்குக்கூடக் கண் இல்லை. அட, ஊரே சேர்ந்து சதி செய்கிறதோ என்று மகாமந்திரியார் திடுக்கிட்டு, சாத்தியைத் தலைநகருக்கு வரவழைத்துத் தாமே விசாரித்தார்.

அவள் சொல் தடுமாறவில்லை. மாடத்தில் இருந்தவரை ஒரு படம் என்ன விலை பெறும் என்றே தான் அறிந்ததில்லை என்றாள். தனியே வந்த முதல் மாதம், கேட்பவர் முகம் கோணக்கூடாதென்று இருநாழி அரிசிக்கெல்லாம் எழுதிக்கொடுத்தாளாம். அவுரி நீலத்துக்கு மட்டுமே மூன்று நாழி செலவாயிற்றாம். வாசலில் கூட்டம் பெருகியது. வீட்டில் அடுப்பு எரியவில்லை. பிறகே ஒரு முறை வகுத்தாள். வண்ணத்துக்கும் நாளுக்கும் கைத்திறத்துக்கும் சேர்த்து விலை சொல்வாள்; பாதியைத் தூரிகை தொடுமுன் வாங்குவாள்; மீதி வந்தபின்பே கண் திறப்பாள். கண்ணில்லாப் படத்தை எவர் வீட்டில் மாட்டுவர்? எனவே மீதியும் தானே வந்து சேருமாம்.

இத்தனை தந்திரம் உனக்கு யார் கற்றுத்தந்தார் என்று மகாமந்திரியார் துருவினார். பட்டினி என்றாள்.

வேந்தர் படத்துக்கு மட்டும் முன்பாதி வாங்காமல் அம்முறையை ஏன் மீறினாய் என்று கேட்டபோது அழுதுவிட்டாள். மன்னரை எழுதும் பேறே கூலி, உன் பேர் நாடெங்கும் பரவும் என்று நீர் சொன்னீராம். மன்னர் பேரைச் சொல்லி வந்தவரிடம் பாதிக் கூலி கேட்க அவளுக்கு நா எழவில்லையாம். கண் திறக்குமுன்பே உம் ஏவலர் படத்தைத் தூக்கிப்போயினராம். பேரை உலையில் போட்டால் சோறு பொங்குமா ஐயனே என்றாள்.

அதையும் மகாமந்திரியார் உடனே நம்பிவிடவில்லை. கண்ணீர் வடிப்போர் பலரை அவர் பார்த்திருக்கிறார். ஆனால் ஒன்று உறுத்தியது. அப்படம் மூன்று திங்களாக உம் கொலுமண்டபத்தில் தொங்கியது; அப்போதெல்லாம் மன்னருக்குக் கண் இல்லாதது உமக்குத் தெரியவில்லை. வெள்ளியன்று அவள் பன்னிரு பொற்காசு கூலி கேட்டு உம் வாயிலுக்கு வந்தாள். சனியன்று உம் ஓலை புறப்பட்டது.

ஆகவே ஆணை இது. சாத்தியின் விரலில் நகக்கீறலும் படலாகாது. இவ்வோலை கண்ட மூன்றாம் நாளுக்குள் பன்னிரு பொற்காசையும் உம் கைப்பொருளிலிருந்து அவளுக்கு அளிப்பீராக. பேரம் வேண்டாம், தமக்கொரு படம் கேட்டு மகாமந்திரியாரே பேசிப் பார்த்துத் தோற்றார். கூலி சேர்ந்தபின், துறைமக்கள் யாவரும் காண அவள் திருவுருவின் கண் திறப்பாள். அவள் குடிலுக்கு எதிரே மிளகுக் கடை தொடர்ந்து நடக்கும். அங்கிருந்து உம் வாயிலும் தெரியும்.

ஆடித் திங்கள் வளர்பிறைப் பத்தாம் நாள், ஆம்பல்மாநகர் அரண்மனையிலிருந்து, வேழ முத்திரை பொறித்து விடுத்தது.

முத்திரைக்குக் கீழே மகாமந்திரியார் தம் கைப்பட எழுதியது: கண் இல்லாதது மன்னரின் படத்துக்குத்தான்.