குசினியைக் காலி செய்த மாதம்

ஒக்டோபர் 5, ஞாயிறு

இருட்டிக்கொண்டு வந்தது, பெய்யவில்லை. புழுக்கம். காலை முழுக்கக் குசினி அலுமாரியோடு மல்லுக்கட்டு.

செல்வி இந்த மாதத்துக்கு ஒரு சவால் வைத்திருக்கிறாள். ‘சிக்கனச் செல்வி’. திருச்சிப் பக்கத்துப் பிள்ளை, போனில் வீடியோ போடுகிறவள். சவாலுக்குப் பெயர் ‘கிச்சன் காலி சேலஞ்ச்’. வீட்டில் கிடப்பதைத் தின்று முடிக்கும்வரை கடைக்குப் போகக் கூடாது. பாலும் மரக்கறியும் மட்டும் விலக்கு. ஒரு சதமும் செலவாகாத நாளுக்குக் கலண்டரில் பச்சை வட்டம். மற்ற நாளுக்குச் சிவப்பு.

கூட்டுறவுச் சங்கத்தில் முப்பத்திரண்டு வருடம் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவனுக்கு ஒரு சின்னப் பெட்டை கணக்குச் சொல்லித் தருகிறாள். பகிடிதான். ஆனாலும் ஒன்று விடாமல் பார்க்கிறேன்.

இருப்பு:
அரிசி, மூன்று கிலோ. அரிசி மா, இரண்டு கிலோ
பயறு, அரைக் கிலோ
சக்கரை, ஒரு பை. கட்டிபட்டது
ஒடியல் மா, கொஞ்சம். நகுலா தந்தது (யோகத்தின் தங்கை, சாவகச்சேரி)
மிளகாய்த்தூள், போத்தல் இரண்டு
பழைய பால்மாத் தகர ரின் ஒன்று. உள்ளே பனங்கற்கண்டு, முக்கால்வாசி

கடைசியில் உள்ளது என் மனுசி யோகம் வாங்கி வைத்தது. அவள் போய்ப் பதினான்கு மாதம். யாரும் தொடவில்லை. பாறையாக இறுகிவிட்டது. கரண்டிக் காம்பால் இடித்து உடைத்தேன்.

செலவில் எங்கே ஓட்டை என்று பார்க்கச் சொல்கிறாள் செல்வி. போன மாதக் கொப்பியை எடுத்துப் பார்த்தேன். இரண்டு ஓட்டை. ஒன்று பேப்பர். வாசிகசாலையில் சும்மா வாசிக்கலாம். மற்றது பிஸ்கற். எனக்கல்ல. பக்கத்து வீட்டு வசந்தி கறி தரும்போதெல்லாம், கோப்பையைத் திருப்பிக் கொடுக்கையில் மகள் தர்ஷிக்கென்று ஒரு பக்கற் வாங்கிக் கொடுப்பேன். அந்தப் பிள்ளை இப்போது ஏ.எல். படிக்கிறது. பிஸ்கற் தின்னும் வயதா? இரண்டையும் வெட்டு.

மகன் லண்டனிலிருந்து எடுத்தான். நாலு நிமிடம். காசு காணாதென்றால் சொல்லச் சொன்னான். காணும் என்றேன். பிறகு வைத்துவிட்டான்.

ஒக்டோபர் 7, செவ்வாய்

பச்சை.

மத்தியானம் வசந்தி மதிலுக்கு மேலால் ஒரு கோப்பை நீட்டினா. கத்தரிக்காய்ப் பால்கறி. யோகத்தின் கை இல்லை, ஆனால் கிட்ட வருகிறது. புருசன் கட்டாரில், வீட்டில் தையல் மெசின், ஒரு பெண்பிள்ளை, இவ்வளவுக்கும் நடுவில் வாரத்தில் இரண்டு தரம் எனக்கும் கறி. மதிலடியில் ஐந்து நிமிடக் கதை. காஸ் விலை, தர்ஷியின் ரியூசன், மழை வருமா வராதா.

சில நாட்களில் நான் ஒரு மனிதரோடு முகம் பார்த்துக் கதைப்பது அந்த ஐந்து நிமிடம்தான். எழுதிப் பார்க்கும்போது கொஞ்சம் கேவலமாக இருக்கிறது. இருக்கட்டும், யார் வாசிக்கப் போகிறார்கள்.

செல்வி சொன்னபடி பிழிந்த தேசிக்காய்த் தோலால் கோப்பையைத் தேய்த்தேன். சவர்க்காரம் மிச்சம். பின்னேரம் கொடுத்தேன். வசந்தி கோப்பைக்குள் பார்த்தா, பிறகு என் மற்றக் கையைப் பார்த்தா. அழுக்கு இருக்கிறதா என்று பார்க்கிறா போல. பார்க்கட்டும். கண்ணாடி மாதிரி இருந்தது.

ஒக்டோபர் 9, வியாழன்

பச்சை. தொடர்ந்து நாலாவது.

தேத்தண்ணிக்குச் சீனி போடுவதில்லை இப்போது. கற்கண்டைக் கடித்துக்கொண்டு குடிக்கிறேன். நல்ல ருசி. இத்தனை காலமும் இந்த ரின்னை ஒளித்து வைத்திருந்தாள், கள்ளி.

இதைச் செல்வியின் வீடியோவுக்குக் கீழே எழுதிப் போட்டேன். “பதினான்கு மாதப் பழைய கற்கண்டு, சீனிச் செலவு பூச்சியம்” என்று. ஒரு இதயம் போட்டிருந்தாள். எல்லோருக்கும் போடுகிறவள்தான், தெரியும். தெரிந்தும் அரை மணித்தியாலத்துக்கு ஒரு தரம் போனை எடுத்துப் பார்த்தேன்.

உண்மையைச் சொன்னால் சிக்கனத்துக்காக நான் அவளைப் பார்க்கவில்லை. என் பென்சன் எனக்குத் தாராளம். ஒவ்வொரு வீடியோவும் தொடங்கும்போது “சாப்டீங்களா ஃப்ரெண்ட்ஸ்?” என்று கேட்பாள். கேட்டுவிட்டு ஒரு கணம் பேசாமல் இருப்பாள். அந்தக் கணத்துக்குள் நான் “ஓம்” என்று சொல்லிவிடுவேன். இந்த வீட்டில் வேறு யாரும் அதைக் கேட்பதில்லை.

விசர்தான். 

ஒக்டோபர் 12, ஞாயிறு

வாசிகசாலை. பேப்பர் வேறு ஒருவரின் கையில். முக்கால் மணித்தியாலம் காத்திருந்து விளையாட்டுப் பக்கம் கிடைத்தது. பழைய சங்கக் கந்தோர்ப் பெடியன்கள் இரண்டு பேர் (அறுபது தாண்டிய பெடியன்கள்) வடைக்கும் தேத்தண்ணிக்கும் கூப்பிட்டார்கள். வயிறு சரியில்லை என்றேன். பச்சை.

வசந்தியிடமிருந்து இடியப்பமும் சொதியும். கழுவிக் கொடுத்தபோது கோப்பையை வாங்கிக்கொண்டு நின்றா.

“சொதி சரியில்லையோ அண்ணை?”

“சீ, நல்ல சொதி.”

“இல்லை, சும்மா கேட்டனான்.”

போய்விட்டா. ஐந்து நிமிடம் இல்லை, ஒரு நிமிடம்.

ஒக்டோபர் 15, புதன்

தூறல். கொடியில் போட்ட சாரம் காயவில்லை.

முருங்கைக்காய்க் கறி. தர்ஷி வாசல் படலையில் வைத்து நீட்டிவிட்டு ஓடியது. பின்னேரம் கோப்பையோடு போனேன். உள்ளே மெசின் சத்தம். வசந்தி எழும்பி வரவில்லை, மேசையில் வைக்கச் சொன்னா. தீபாவளி வருகிறது, சட்டை தைக்கிற அவசரமாக இருக்கும். வைத்துவிட்டு வந்தேன். சுத்தமாகக் கழுவியதை அவ பார்த்தாவோ தெரியாது.

பச்சை.

ஒக்டோபர் 18, சனி

கறி வரவில்லை. அவசரம் முடியட்டும்.

பகல் செல்வி நேரலையில் வந்தாள். நான் எழுதியதை வாசித்தாள். “யாழ்ப்பாணத்து ஐயா வந்திருக்காங்க, ஐயா சாப்டீங்களா?” எனக்கென்று தனியாகக் கேட்டாள். கதிரையில் இருந்தவன் எழும்பி நின்றுவிட்டேன். ஒடியல் மாப் பிட்டு என்று எழுதுவதற்குள் அவள் வேறு யாரோ மதுரை அக்காவிடம் போய்விட்டாள்.

கற்கண்டு முடிந்தது. அடியில் கிடந்த தூளையும் வழித்துத் தின்றேன். ரின்னைக் கழுவிக் கவிழ்த்துவிட்டேன். பட்டியலில் ஒன்று வெட்டு.

ஒக்டோபர் 20, திங்கள், தீபாவளி

விடியவே மழை. முழுகிவிட்டுக் கோயிலுக்குப் போய் வந்தேன். 

வருசா வருசம் வசந்தி வீட்டிலிருந்து தட்டம் வரும். முறுக்கு, பயற்றம் பணியாரம், அரியதரம். போன வருடம் இங்கே யோகத்தின் துடக்கு, தீபாவளி இல்லை. அப்போதும் ஒன்றும் சொல்லாமல் சோறும் கறியும் தந்தவ.

ஜன்னலால் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்கவில்லை என்று எழுதினால் பொய். தர்ஷி புதுச் சட்டையோடு குடை பிடித்துக்கொண்டு வந்தது. கையில் துணி மூடிய தட்டம். எங்கள் படலையைத் தாண்டி முன்வீட்டுக்குப் போனது. திரும்பி வந்து இன்னொரு தட்டம், மூலை வீட்டுக்கு. பிறகு இன்னொன்று. மூன்று தரமும் எங்கள் படலையைத் தாண்டித்தான் போனது.

நான் என்ன செய்தேன்? யோசித்து யோசித்துத் தலையிடி. ஏதும் சொன்னேனா? என் வாய் கொஞ்சம் பொல்லாததுதான், ஆனால் வசந்தியிடம் ஒரு சொல் பிழையாகச் சொன்ன ஞாபகம் இல்லை.

மத்தியானம் சோறும் ஊறுகாயும். பச்சை வட்டம் போடவில்லை. மனம் வரவில்லை.

ஒக்டோபர் 21, செவ்வாய்

நகுலா எடுத்தாள். தீபாவளிக்கு என்ன சாப்பிட்டீங்கள் அத்தான் என்று. குசினியைக் காலி செய்கிற கதையைச் சொன்னேன். பெருமையாகத்தான். யோகத்தின் பால்மா ரின்னில் கிடந்த கற்கண்டையும் விடவில்லை, இரண்டு கிழமையில் முடித்துவிட்டேன் என்றேன்.

“அந்தப் பால்மா ரின்னோ?” என்று ஒரு தரம் கேட்டாள். ஓம் என்றேன்.

“அது அக்கா கோப்பைக்குப் போட வைச்சிருந்தது அத்தான்.”

எந்தக் கோப்பைக்கு என்று கேட்டேன். ஒரு வீட்டிலிருந்து கறி வந்தால் அந்தக் கோப்பையை வெறுமையாகத் திருப்பி அனுப்பக் கூடாதாம். வேறு ஒன்றும் இல்லையென்றால் இரண்டு கற்கண்டாவது போட்டுக் கொடுக்க வேண்டுமாம். அதற்கென்றே அக்கா ஒரு ரின் வைத்திருந்தாளாம். வசந்திக்கு இப்போது என்ன போட்டுக் கொடுக்கிறீங்கள் என்று கேட்டாள். பிஸ்கற் கதையைச் சொன்னேன், அதை வெட்டிய பிறகு மூன்று தரம் கோப்பையைக் கழுவி மட்டும் கொடுத்ததையும் சொன்னேன்.

“வெறும் கோப்பை குடுத்தால் இனித் தராதேங்கோ எண்டெல்லோ அத்தான் அர்த்தம். அதுவும் மூண்டு தரம்.”

முப்பத்தொரு வருடம் கலியாணம் கட்டி வாழ்ந்த வீடு. கோப்பை வந்தது, கோப்பை போனது, நான் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தேன். அவள் கை அந்த ரின்னுக்குள் போவதைக் கண்டிருக்கிறேன். கள்ளமாகத் தின்கிறாய், சீனி வருத்தம் வரப்போகுது என்று பகிடி பண்ணியிருக்கிறேன். சிரிப்பாள். இது இதற்குத்தான் என்று ஒருநாளும் சொன்னதில்லை. நான் கேட்கவும் இல்லை.

செல்வியின் புது வீடியோ வந்து கிடக்கிறது. பார்க்கவில்லை.

ஒக்டோபர் 23, வியாழன்

மருதனார்மடம் சந்தைக்குச் சைக்கிளில். பனங்கற்கண்டு கால் கிலோ. விலை கேட்டதும் தலை சுற்றியது. வாங்கினேன். கலண்டரில் சிவப்பு, பெரிய வட்டமாக.

வீட்டுக்கு வந்து ரின்னை நிரப்பிய பிறகுதான் உறைத்தது. போட்டுக் கொடுக்க அவவின் கோப்பை ஒன்றும் என்னிடம் இல்லை. எல்லாவற்றையும் தேசிக்காய்த் தோலால் தேய்த்து ஒழுங்காகக் கொடுத்து முடித்தாயிற்று.

வெறும் கையோடு போய் என்ன சொல்வது? “என்னை மன்னியுங்கோ, எனக்குக் கற்கண்டு விசயம் தெரியாது” என்றா? அறுபத்திரண்டு வயதில்?

இனி நான்தான் ஏதாவது காய்ச்சிக் கொடுக்க வேண்டும். எனக்கு வருவது தேத்தண்ணி, பிட்டு, முட்டைப் பொரியல். பிட்டு அவவுக்குக் கொண்டுபோனால் சிரிப்பா. முட்டை கூடாது, சஷ்டி விரதம் தொடங்கிவிட்டது.

அரிசி இருக்கிறது, பயறு இருக்கிறது, சக்கரை இருக்கிறது. பொங்கிவிடலாம், புக்கை.

ஒக்டோபர் 24, வெள்ளி

முதல் பானை அடிப்பிடித்துக் கரி. முற்றத்தில் கொட்டினேன், காகமும் யோசித்துத்தான் வந்தது. இரண்டாவது பரவாயில்லை. தேங்காய்ப்பால் கூடிவிட்டது. யோகத்தின் சில்வர் கோப்பையில் போட்டு, மேலே நாலு கற்கண்டு வைத்து மூடிக்கொண்டு போனேன். மதிலால் கொடுக்கவில்லை. படலையால், சேட்டுப் போட்டுக்கொண்டு.

மெசின் நின்றது. வசந்தி மூடியைத் திறந்து பார்த்தா. கற்கண்டைக் கண்டதும் முகம் ஒரு மாதிரிப் போனது. எனக்குத் தெரியாமல் போச்சு என்று மட்டும் சொன்னேன்.

“நான் நினைச்சன், கறி தாறது உங்களுக்குக் கரைச்சலாக்கும் எண்டு.”

உள்ளே போனா. நேரம் எடுத்தது. வரும்போது கையில் ஒரு கோப்பை. நான் கொண்டுபோனதன் சோடி. அடியில் யோகத்தின் பெயர் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கிறது. உள்ளே ஐந்து அரியதரம். தீபாவளிக்கு எனக்கென்று எடுத்து வைத்ததாம், தருவதா விடுவதா என்று தெரியாமல் அப்படியே இருந்ததாம்.

“இது அக்கா கடைசியாத் தந்த கோப்பை, அண்ணை. வெறுமையாத் தர மனம் வரேல்லை. அவவுக்கு என்னத்தைப் போட்டுத் தாறதெண்டும் தெரியேல்லை. அப்பிடியே வைச்சிருந்திட்டன்.”

பதினான்கு மாதமாக மதிலுக்கு அந்தப் பக்கம் அவளுடைய கோப்பை. எனக்கு ஒன்று குறைகிறது என்றுகூடத் தெரியவில்லை. இருப்புக் கணக்கு எடுத்தவன் நான்.

அரியதரம் இரண்டு சாப்பிட்டேன். அழுதேன். 

ஒக்டோபர் 25, சனி

வெயில். மூன்று நாள் சாரம் ஒருவழியாகக் காய்ந்தது.

காலை வசந்தி மதிலடியில் கூப்பிட்டு என் கோப்பையைத் தந்தா. உள்ளே வாழைக்காய்ப் பொரியல். புக்கையில் கொஞ்சம் தேங்காய்ப்பால் கூடிவிட்டதென்று சொன்னா. ஐந்து நிமிடத்துக்கு மேலேயே கதைத்தோம்.

கேட்காமல் விட்டிருக்கலாம். கேட்டுவிட்டேன். அந்தக் கடைசிக் கோப்பையில் யோகம் என்ன தந்தாள் என்று.

“கத்தரிக்காய்ப் பால்கறி. உங்களுக்கெண்டு காய்ச்சினவவாம். நீங்கள் ரவுனிலை கடையிலை சாப்பிட்டிட்டு வந்திட்டியளாம். மிஞ்சிப் போச்சு, நீயாவது சூட்டோடை சாப்பிடு எண்டு தந்தவ. அடுத்த நாள் விடியத்தானே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனனீங்கள்.”

எனக்கு ஞாபகம் இல்லை. என்ன கடை, ஏன் சாப்பிட்டேன், வீட்டுக்கு வந்து அவளிடம் என்ன சொன்னேன், ஒன்றும் இல்லை. போன வருடக் கொப்பியை எடுத்துத் தேடினேன். என் எழுத்துத்தான். வடிவாக, கோடு தவறாமல்.

ஓகஸ்ட் 11. பஸ், 70. கடைச் சாப்பாடு, 480.

ஓகஸ்ட் 12. ஓட்டோ, ஆஸ்பத்திரி, 900.