ஏழும் இரண்டும்

நவம்பர் 7
இன்று ஓட்டுநர் தேர்வுக்கு வந்தவர்களில் பாதிப்பேரை ஃபெயிலாக்கினேன். கை நடுங்குகிறவர்களுக்கெல்லாம் உரிமம் எதற்கு?

நாளை எங்கள் பாலினாவில், மாஸியின் பப்பில் போக்கர் சீட்டுப் பந்தயம். பிப்ரவரி வரை மாதம் ஒன்று. எந்த மாதம் ஜெயித்தாலும் அந்த ஆள் மார்ச்சில் கால்வே நகரத்துப் பெரிய போட்டிக்குப் போகலாம். இத்தனை வருடம் போனதில்லை. இந்த முறை போகிறேன்.

நவம்பர் 8
தோற்றேன். யாரிடம்? அட்ராக்டாவிடம்! பள்ளிக்கூடச் சமையல்காரி. கோடையில் என்னிடம் இரண்டு முறை ஃபெயிலானவள். இன்றுதான் முதன்முதலாகச் சீட்டைத் தொடுகிறாள். "கறுப்பு பெரிசா, சிவப்பு பெரிசா?" என்று நடு ஆட்டத்தில் கேட்கிறாள்.

கடைசியில் நானும் அவளும்தான். என் கையில் இரண்டு ஏஸ். அதற்கு மேல் ஒன்று கையில் வரவே வராது. பந்தய வில்லைகளை மொத்தமாக நடுவில் தள்ளினேன். "நானும்" என்று அவளும் தள்ளினாள். எதை வைத்துக்கொண்டு? ஏழும் இரண்டும்! பச்சைக் குழந்தைகூடத் தூக்கி எறியும் குப்பை. மேசையில் விரித்த பொதுச் சீட்டில் இரண்டு ஏழு விழுந்தது. அவளுடையதோடு சேர்த்து மூன்று ஏழு. முடிந்தது கதை.

"எங்க வீட்டு நம்பர் எழுபத்திரெண்டு. அதான்," என்றாள்.

மாஸியின் பப்பில் ஒரு சட்டம் உண்டு. தோற்ற கதையை அங்கே எவன் சொன்னாலும் அடுத்த பந்தயத்தில் அவன் ஆட முடியாது. சீட்டைக் கலைத்துப் போடும் வேலைதான். நான் சொல்ல மாட்டேன். எனக்கென்ன பைத்தியமா?

நவம்பர் 9
சொல்லிவிட்டேன்.

நவம்பர் 10
"கதை சொல்லலை மாஸி, கணக்குதான் சொன்னேன்."

"ராசா, உன் கணக்கைக் கேட்டு ஒருத்தன் சூப்பை அப்படியே வெச்சுட்டு ஓடிட்டான்."

டிசம்பர் போச்சு.

டிசம்பர் 13
சீட்டுப் போட்டேன், கூலியாள் மாதிரி. அட்ராக்டா வேடிக்கை பார்க்க வந்திருந்தாள். "என்ன ஆபீசர், ஏஸ் ரெண்டும் சௌக்கியமா?" பப்பே சிரித்தது. "அந்த ஏழு மட்டும் விழாம இருந்திருந்தா—" என்று வாயெடுத்தேன். மாஸி மணியடித்துவிட்டான்.

ஜனவரியும் போச்சு. சனியன் பிடித்த வாய்!

டிசம்பர் 26
வீட்டில் சொல்லத் தடையில்லையே என்று பெர்னியிடம் ஆரம்பித்தேன். "ஏம்ப்பா, அவ தெரியாம ஜெயிச்சா. நீ தெரிஞ்சு தோத்தே. இதை நீயே ஊரெல்லாம் சொல்லணுமா?"

கட்டின பெண்டாட்டி!

ஜனவரி 10
சீட்டுப் போட்டேன். வாயைத் திறக்கவில்லை. பல் வலி என்று நினைத்துக்கொண்டார்கள்.

பிப்ரவரி 14
கடைசி வாய்ப்பு. ஸ்லைகோவிலிருந்து கின்செல்லா என்று ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவர். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு பிரசங்கம். அப்பப்பா, இப்படியும் ஒரு மனுஷனா!

கடைசியில் நானும் அவரும். என்னிடம் வில்லை கொஞ்சம் அதிகம். சீட்டை எடுத்துப் பார்த்தேன். ஏழும் இரண்டும். மிரட்டிப் பார்க்கலாம் என்று மொத்தத்தையும் தள்ளினேன். மனுஷன் மிரளவில்லை. எப்படி மிரளுவார்? கையில் இரண்டு ஏஸ்!

ஒரு ஏழு விழுந்தது. ஒரு இரண்டும் விழுந்தது. எனக்கு இரண்டு ஜோடி, அவருக்கு ஒன்றுதான். ஜெயித்துவிட்டேன்! கால்வே!

"அதிர்ஷ்டம்! சுத்த அதிர்ஷ்டம்!" என்று கத்தினார் கின்செல்லா.

"முகத்தைப் படிக்கத் தெரியணும் சார்," என்றேன். நானேதான் சொன்னேன்.

வீட்டில் பெர்னியிடமும் திறமை என்றுதான் சொன்னேன். அவள் கெட்டிலை அடுப்பில் வைத்தபடி, "அட்ராக்டா வீட்டு நம்பர்னு சொன்னா. அவ தேவலை," என்றாள்.

தூக்கம் வரவில்லை.

மார்ச் 28
கால்வே. என் கார் பட்டறையில். அட்ராக்டாவின் எல் போர்டு காரில் போனோம். உரிமம் உள்ளவர் ஒருவர் பக்கத்தில் உட்கார வேண்டுமே, அதற்கு நான். போகும்போது வழியெல்லாம் அவளிடம் குறை தேடினேன்.

போட்டியில் அவள் மதியம் வரை தாக்குப்பிடித்தாள். நான் காலை டீக்கு முன்பே வெளியே.

திரும்பும்போது கேட்டாள், "எப்படித் தோத்தீங்க ஆபீசர்?"

பாலினா வரைக்கும் ரோடு கிடந்தது. மணியடிக்க மாஸியும் இல்லை. அதுவும் தோற்றபோது என் கையில் இருந்தது என்ன சீட்டு, எப்படிப்பட்ட சீட்டு!

"ரோட்டைப் பாரும்மா," என்றேன். "நல்லாத்தான் ஓட்டுறே."