அம்சாக்கா வீட்டில் எடுத்த படம்

திருக்கழுக்குன்றம்,
19-8-2003

அன்புள்ள அபிஷேக்குக்கு,

தமிழ்வாணன் எழுதுவது. நலமா என்று கேட்கப் போவதில்லை. புனேயில் அக்கா வீட்டில் உட்கார்ந்திருப்பவனுக்கு என்ன குறை? போன் செய்தால், நீ தூங்குவதாக ரோகிணி அக்கா சொல்கிறார். பகல் பன்னிரண்டு மணிக்கு! அதனால்தான் கடிதம்.

உன் ஒற்றை வரி மின்னஞ்சல் வந்தது. நம் படத்தைச் சென்னைப் போட்டிக்கு அனுப்பிவிடச் சொல்லியிருக்கிறாய். அனுப்பவில்லை. கேசட் என் வீடியோ கடையில்தான் இருக்கிறது.

நீ எடுக்க நினைத்தது, குப்பத்தில் பிறந்த ராப் பாடகனின் சோகக் கதை. வந்தது காமெடி. எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை. விஞ்ஞானி மகன், அணுமின் நிலைய டவுன்ஷிப்பிலிருந்து அப்பா காரில் வந்து இறங்குகிறாய். மே மாத வெயிலில் கம்பளித் தொப்பி. முழங்கால்வரை பனியன். கழுத்தில் தங்க பெயின்ட் அடித்த சைக்கிள் செயின். குப்பத்தில் மீன் விற்கும் அம்சாக்காவின் மகன் துரை, "இன்னா அண்ணாத்த, குளிர் ஜொரமா?" என்று கேட்டான். நீ கையை ஆட்டி, "நானும் உங்க ஆளுதான் மச்சான்" என்றாய். அவன் உன் தொளதொள பேன்ட்டைப் பார்த்துவிட்டு, "எங்க ஆளுங்க இத்த மாட்டிகினு கடல்ல எறங்குனா நேரா அடிக்குத்தான் போவாங்கோ" என்றான். நான் சிரித்ததில் கேமரா ஆடி, அந்த ஷாட்டே வீண்.

ஆடிக் கூழ் ஊற்றிய அன்று குப்பத்துக் கோயில் எதிரில் வேட்டியைக் கட்டித் திரையிட்டபோதும் ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது. அதற்காகத்தான் நீ ஓடிப் போனாய் என்று உன் அப்பா நினைக்கிறார். நான் நினைக்கவில்லை.

அம்சாக்கா நமக்கு வீட்டையே கொடுத்தார். உன் அம்மாவாக நடிக்கக் கூப்பிட்டதும், தம்பி கல்யாணத்துக்கு எடுத்த பட்டுப்புடவையில் வந்து நின்றார். நீ கிழிந்த புடவைதான் வேண்டும் என்றாய். "கிழிஞ்சது எங்கப்பா கீது?" என்று தேடி, கடைசியில் தரை துடைக்க வைத்திருந்ததை எடுத்துக் கட்டிக்கொண்டார். நாலு நாளும் அவர் வீட்டில்தான் நமக்குச் சோறு. உனக்கு முள் எடுக்கத் தெரியாது என்று அவரே மீனைப் பிட்டு வைத்தார்.

பாட்டைப் பிறகு என் கடையில் பாடினாய். அவர் மீன் கழுவும் ஷாட்டின் மேல், "குடிச்சிட்டுக் கெடக்கும் ஆத்தா, கஞ்சி ஊத்தாத ஆத்தா!" ராப் என்றால் அப்படித்தான், வெளிநாட்டில் எல்லோரும் அம்மாவைத் திட்டித்தான் பாடுகிறார்கள் என்றாய்.

அந்த வரியில் சிரிப்பு நின்றது. சொந்தக்காரர்களையெல்லாம் வரவழைத்து முன்வரிசையில் உட்கார வைத்திருந்த அம்சாக்கா எழுந்து போய்விட்டார். மறுநாள் நீ ஊரிலேயே இல்லை.

போன வாரம் துரை கடைக்கு வந்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "இன்னாண்ணா, எங்கம்மா குடிச்சத நீ எப்போ பாத்த?" என்றான். பார்க்கவில்லை என்றேன். "அப்போ அத்த ஏன் வெச்ச? பெரிம்மா வூட்ல போன் போட்டு நெசமான்னு கேக்குறாங்கோ. எங்கம்மா மார்க்கெட்டுக்கே போவல." தாளத்துக்குச் சரியாக உட்கார்ந்தது என்றேன். திரும்பிப் பார்க்காமல் போய்விட்டான்.

அந்த வரியை வெட்ட இரண்டு நிமிடம் போதும். ஆனால் ஊரே கேட்டுவிட்டதே! நீ வர வேண்டும். அதே கோயில் எதிரில் மைக்கைப் பிடித்து, நான் எழுதியது பொய், இந்த அம்மா என்னைத் தன் பிள்ளைபோலப் பார்த்துக்கொண்டார் என்று சொல்ல வேண்டும். பாடித் தொலைக்காதே, பேசு.

இன்னொன்று. மிக்ஸிங்கில் அந்த வரியை நாற்பது தடவையாவது கேட்டிருப்பேன். ஒரு தடவைகூட எனக்கு உறைக்கவில்லை. இரண்டு ஞாயிற்றுக்கிழமை குப்பத்துக்குக் கிளம்பினேன். இரண்டு முறையும் பஸ் ஸ்டாப்பில் இறங்கி, டீ குடித்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

சீக்கிரம் வாடா.

உன்னோடு சேர்ந்து போகக் காத்திருக்கும்,
தமிழ்வாணன்