ரூரியின் சிவப்பு டார்ட்டன்

இன்வர்னெஸ் முகாம்
12 அக்டோபர் 1748

என் அருமை மார்சலிக்கு,

நான் நலம். ராஜாவின் பட்டாளத்தில் சாப்பாட்டுக்குக் குறைவில்லை. ஓட்ஸ் கஞ்சிதான் உன் கைப் பக்குவத்தில் இல்லை. கலகத்துக்குப் பிறகு நம் மலைநாட்டில் மற்றவர்களுக்குத் தடை என்றாலும் பட்டாளத்துக்காரன் கட்டம் போட்ட டார்ட்டன் துணியைக் கட்டலாம். கறுப்பு, நீலம், பச்சை; எல்லோருக்கும் ஒரே கட்டம். இதற்காகத்தான் சேர்ந்தேன். கால்சட்டை மாட்டிக்கொண்டு திரிய என்னால் முடியாது.

ஒன்று சொல்கிறேன், கோபிக்காதே. ராஜாவுக்கு எதிரான அந்தக் கலகத்தில் செத்த அன்று என் அண்ணன் ரூரி போர்த்தியிருந்த நம் குலத்துச் சிவப்புப் போர்வையை எரித்துவிடு. வீடு வீடாகச் சோதனை நடக்கிறது. போனவன் போய்விட்டான். நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் யோவன்


ஆர்வாப் பள்ளத்தாக்கு
20 நவம்பர் 1748

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

கறுப்புப் பசு சினையாக இருக்கிறது. போர்வையை எரிக்க மாட்டேன். கலகம் என்று எழுதியிருக்கிறீர்கள். பட்டாளத்தில் சேரும்வரை அதைப் போர் என்றுதான் சொன்னீர்கள்.

அந்தச் சிவப்புக்காக மணல்மேட்டில் முழங்காலிட்டுச் சாய வேர் தோண்டியவள் நான். அதிலுள்ள நீலக் கோடு வெளுக்காமல் நிற்பதற்கு வீட்டிலுள்ள அத்தனை பேர் மூத்திரமும் சாயத்தொட்டிக்குப் போனது. அதில் உங்கள் பங்கும் உண்டு, மறந்துவிடாதீர்கள்.

போன வாரத்துக்கு முந்தின ஞாயிறு அதைப் போர்த்திக்கொண்டு தேவாலயத்துக்குப் போனேன். சிப்பாய்களோடு நின்ற காப்டன் மறித்தான்.

"இது தடை பண்ணின துணி. கழட்டு!"

"சட்டத்த நல்லாப் படிச்சுப் பாருங்க தொரை. ஆம்பளயும் பையனும் போடக் கூடாதுன்னுதான் எழுதியிருக்கு. என்னப் பாத்தா ரெண்டுல எதுன்னு தோணுது?"

அவன் சிப்பாய்களே சிரித்துவிட்டார்கள். அடுத்த ஞாயிறு ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் புருஷன்மார் போர்வையில் வந்து நின்றார்கள். குள்ளச்சி பேஹாக்குக்கு அது சேற்றில் இழுபட்டது. அவள் தூக்கிப் பிடிக்கவே இல்லை. எனக்குப் பெருமையாக இருந்தது.

உங்கள் மார்சலி


இன்வர்னெஸ் முகாம்
9 பிப்ரவரி 1749

மார்சலி,

உன் வாய்த்துடுக்கு இங்கேவரை வந்துவிட்டது. "சட்டம் படிச்ச பொம்பளையோட புருஷன்தானடா நீ?" என்று கேலி செய்கிறார்கள். அந்தக் காப்டனும் இங்கே வந்துவிட்டான். ஆண்களுக்காக நீங்கள் ஒளித்து வைத்திருப்பதாகச் சொல்லி, எல்லாப் போர்வையையும் பறித்து எரிக்கப் போகிறானாம். பனி உருகியதும் கிளம்புகிறோம். மலைப்பாதையில் வழிகாட்ட என்னைத்தான் முன்னால் நடக்கச் சொல்கிறான். மறுத்தால் சவுக்கடி. என்னை இப்படி மாட்டிவிட்டாயே! நாங்கள் வருமுன் நீயே எரித்துவிடு. கெஞ்சிக் கேட்கிறேன்.

யோவன்


ஆர்வாப் பள்ளத்தாக்கு
2 மார்ச் 1749

அன்புள்ள யோவனுக்கு,

வாருங்கள். எதையும் ஒளிக்கப் போவதில்லை. போர்த்திக்கொண்டு வாசலிலேயே நிற்பேன். வேறு எவன் கை வைத்தாலும் முகத்தைப் பிறாண்டிவிடுவேன். நீங்கள் கை வைத்தால் பேசாமல் கொடுத்துவிடுவேன். அதற்குப் பிறகு இந்த வாசற்படியை நீங்கள் மிதிக்க வேண்டாம்.

உங்கள் மேல் எனக்கு எவ்வளவு ஆசை என்று உங்களுக்கே தெரியும். அதற்காக ரூரியை இன்னொரு முறை சாகவிட முடியாது.

மார்சலி


இன்வர்னெஸ் முகாம்
11 ஏப்ரல் 1749

என் மார்சலிக்கு,

குப்புறப் படுத்தபடி எழுதுகிறேன். கையெழுத்தைப் பழிக்காதே.

கிளம்பும் நேரத்தில் காப்டன் கேட்டான்: "உங்க ஊருக்கு எந்தப் பக்கம்டா போகணும்?"

"தெரியலீங்க."

"பொறந்த ஊருக்கே வழி தெரியலையா?"

"உங்க பட்டாளத்துப் போர்வையக் கட்டின நாள்லேர்ந்து தெரியலீங்க ஐயா."

சொன்னபடி சவுக்கடி கிடைத்தது. முதுகு ஆறியதும் கடல் தாண்டி எங்கோ அனுப்புகிறார்கள். திரும்பி வருவேனா தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் காப்டனிடம் சொன்ன வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்ள மாட்டேன்.

வேறு ஆளைப் பிடித்து அவர்கள் வருவார்கள். வாசலில் நில். எவன் கேட்டாலும் கழற்றாதே. யோவன் கேட்கச் சொன்னான் என்றாலும் கழற்றாதே.

ரூரியின் தம்பி,
உன் யோவன்