ஆறு எள்ளுருண்டை

ஆடி 4, ஞாயிறு

விடிந்ததிலிருந்து சாரல். மலை தெரியவில்லை. அடுப்படியில் மூன்று பேர்: நான், ஓரகத்தி செல்வி, ஸ்ரீவில்லிபுத்தூர் கடைக்கார பாய். என் வீட்டுக்காரர் மில்லுக்குப் போயாச்சு.

போன வாரம் நாங்கள் போட்டுக் கொடுத்த எள்ளுருண்டை டப்பாவைப் பாய் திறந்து காட்டினார். பெரிய உருண்டை மூடியை முட்டுது, சின்னது உள்ளே உருளுது. ஆடிப்பூரத்துக்கு நிறைய வேண்டுமாம். உருண்டை ஒன்று முப்பது கிராம், ரெண்டு கிராம் முன்னப்பின்ன இருக்கலாம். இல்லாவிட்டால் வேறு ஆள். வியாழனுக்குள் மாதிரி.

அவர் போனதும் செல்வி, "உங்களுதுதான் பெருசுக்கா" என்றாள்.

"ஒன்னுது சுண்டைக்கா" என்றேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

ஆடி 5, திங்கள்

கேஸ் புக் பண்ண வேண்டும். வெல்லம் 2 கிலோ.

காலையில் ஒரு சட்டி பாகு. நான் விளக்கேற்றி வருவதற்குள் செல்வி உருட்டத் தொடங்கியிருந்தாள். உருட்டின வரிசையிலேயே அவளுடையதில் மூன்று நிறுத்தேன்: 22, 27, 29. என்னுடையதில் மூன்று: 31, 35, 36. கூட்டி ஆறால் வகுத்தால் சராசரி 30. அச்சாக முப்பது.

விலகல்: −8, −3, −1, +1, +5, +6. கூட்டினால் பூஜ்ஜியம். மறுபடி போட்டேன். பூஜ்ஜியமேதான். தாயார் கருணை. நெய்விளக்கு ஒன்று கூடுதலாக.

பாய்க்குப் போன் போட்டு விலகலே இல்லை என்றேன். ஆறு எடையையும் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னார்.

"கணக்கு சரிதாம்மா. டப்பா மூட மாட்டேங்குதே."

அதிலிருந்து உட்கார முடியவில்லை. காய்ந்த துணியையே இரண்டு தடவை மடித்தேன்.

ஆடி 6, செவ்வாய்

ஜபத்தில் மனசு நிற்கவில்லை. போனில் ஒரு கணக்குப் பாடம் பார்த்தேன். கூடினதும் குறைந்ததும் ஒன்றையொன்று தின்றுவிடுமாம், எந்தக் கணக்குக்கும் பூஜ்ஜியம்தான் வருமாம். அதற்குப் போய் நெய்விளக்கு. கூட்டல், கழித்தல் குறியை விட்டு, எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று மட்டும் கூட்ட வேண்டும். 8+3+1+1+5+6 = 24. ஆறால் வகுத்தால் 4. சராசரி விலகல் நாலு கிராம். பாய் விட்டுக்கொடுத்ததே ரெண்டுதான்.

செல்வியிடம் காட்டினேன். ரொம்பத் தள்ளி நிற்பது அவளுடைய 22 என்று விரல் வைத்தேன். வைத்திருக்க வேண்டாம்.

"அப்ப நீங்களே உருட்டுங்க."

பையை எடுத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறிவிட்டாள், அம்மா வீட்டுக்கு. இவரிடம், அவளுக்குத் தலைவலி என்று சொல்லி வைத்தேன்.

ஆடி 7, புதன்

மழை இல்லை, காற்று மட்டும். ஒற்றை ஆளாகப் பாகு வைத்தேன். ஆறினால் பிடிக்க வராது, இறக்கிய கையோடு உருட்டணும். முதல் உருண்டை சுட்ட சூட்டில் கிள்ளித்தான் எடுக்க முடிந்தது. 21. அடுத்தது 24. சூடு தணியத் தணிய 30, 34, 36.

திங்கட்கிழமை எழுதியதைப் புரட்டினேன். 22, 27, 29, 31, 35, 36. அதே ஏற்றம். கோளாறு ஆளில் இல்லை, சூட்டில் இருக்கிறது.

தினமும் சட்டி இறக்கும்போது நான் பூஜை அறையில். விளக்கு, பாசுரம், கற்பூரம் முடிந்து, பாகு கை பொறுக்கிற நேரத்துக்கு வந்து உட்காருவேன். அவள் உள்ளங்கைச் சிவப்பை ஆடி மாதத்து மருதாணி என்று நினைத்திருந்தேன்.

கையில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு, ஒற்றை விரலால் அவளுக்கு அனுப்பியது:

"ஏட்டி செல்வி, தப்பு எம்மேலதான். இனி விளக்கு ஏத்திட்டுத்தான் பாகு வைப்பேன். முதல் சூடு எனக்கு, ஒவ்வொண்ணா நிறுத்து உருட்டுவோம். பாய்க்கு நாளைக்கு மாதிரி குடுக்கணும். முதல் பஸ்ஸுக்கு வாரியா, இல்லையா? சீக்கிரம் பதில் போடு."