வெள்ளிக்கிழமை போனில் சொல்ல வேண்டியது

திருப்பதி,
14-7-1998, செவ்வாய்.

என் அன்புக் கணவருக்கு சிவசங்கரி எழுதுவது. நானும் அத்தையும் நன்றாக இருக்கிறோம். உங்கள் நைனாவை, என் மாமனாரைப் பற்றித்தான் இந்தக் கடிதம். பதறாமல் உட்கார்ந்து படியுங்கள். லீவில் வந்திருந்த உங்கள் சிநேகிதர் கோவர்த்தனன் நாளை சென்னையில் விமானம் ஏறுகிறார். குவைத்தில் இறங்கியதும் உங்கள் கேம்ப்புக்கே வந்து கையில் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். நீங்கள் பேசுவதோ வெள்ளிக்கிழமை மட்டும், அதுவும் நம்ம ஊர் குடிபாலாவில் பச்சையப்பன் எஸ்.டி.டி. பூத்துக்கு. அங்கே ஊரே காதைத் தீட்டிக்கொண்டு நிற்கும். இதையெல்லாம் அங்கே நின்று பேச முடியாது.

மாமாவுக்குப் போன மாதத்திலிருந்து நெஞ்சு வலி. வரப்பு ஏறினாலே மூச்சு வாங்குகிறது. வாயு என்று சொல்லி சோடா குடித்துக்கொண்டிருந்தவரை நான்தான் பிடிவாதம் பிடித்து எங்கள் ஆஸ்பத்திரிக்கு அழைத்துவந்தேன். இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாய் மூன்றிலும் அடைப்பு. உடனே பைபாஸ் செய்ய வேண்டும், தள்ளிப்போட்டால் ஆபத்து என்று பெரிய டாக்டர் சொன்னார். நேற்றுக் காலை ஆபரேஷன் நடந்திருக்க வேண்டும். நடக்கவில்லை. மாமா இப்போது குடிபாலாவில் வீட்டில் படுத்திருக்கிறார்.

இதற்குக் காரணம் நீங்கள். கோபத்தில் எழுதுகிறேன், எழுதாமல் இருக்க முடியவில்லை.

என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போன அன்றே பொண்ணு டாக்டர் என்று வீட்டில் சொல்லிவிட்டீர்கள். பிசிஷியன் அசிஸ்டென்ட் என்றால் நம்ம ஊரில் யாருக்குப் புரியும் என்று என்னிடம் சிரித்தீர்கள். நான் வேண்டாம் என்றேன். மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றுவிட்டு நீங்கள் விமானம் ஏறிவிட்டீர்கள். இப்போது நான் ஊருக்குப் போனால் காணிப்பாக்கத்திலிருந்துகூட முட்டி வலி என்று வந்து நிற்கிறார்கள். நான் டாக்டர் இல்லை என்று சொன்னால், பெருமை இல்லாத பொண்ணு என்று மெச்சி, அடுத்த முறை இன்னும் இரண்டு பேரைக் கூட்டிவருகிறார்கள்.

என் வேலை என்ன என்று உங்களுக்கே சரியாகத் தெரியுமா? டாக்டர் வருவதற்கு முன்பே ஒவ்வொரு கட்டிலாகப் போய், யாருக்கு இரவில் மூச்சு திணறியது, யாருக்குத் தையலில் நீர் கட்டியிருக்கிறது என்று பார்த்து வைத்திருப்பேன். அவர் வந்ததும் சொல்வேன், முடிவு அவருடையது. ஆபரேஷனில் அவர் நெஞ்சைத் திறக்கும்போது நான் காலிலிருந்து ரத்தக்குழாயை எடுத்துக் கொடுப்பேன். அதைத்தான் அவர் இதயத்தில் ஒட்டுப்போடுகிறார். பிறகு காலைத் தைத்து மூடுவேன். வெளியே வந்து, காத்திருக்கும் குடும்பத்துக்குத் தமிழிலோ தெலுங்கிலோ புரியும்படி சொல்வதும் நான்தான். டாக்டர்கள் வரிசையிலும் எனக்கு நாற்காலி இல்லை, நர்சுகள் வரிசையிலும் இல்லை. ஆனாலும் இந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது.

ஞாயிறு மாலை மாமாவின் கால் ரத்தக்குழாயைப் பார்க்கப் போனேன். மருமகள் காலைத் தொடுவதா என்று கூசி, வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து அவரே நீட்டினார். "எம்மா, நெஞ்சையும் நீயே அறுத்துடு. வெளியாளு கை வெக்கக் கூடாது" என்றார். அவருடைய அண்ணன் எங்கோ ஓர் ஆஸ்பத்திரி மேசையில் கேட்க நாதியில்லாமல் செத்துப்போய்விட்டாராம். நம்ம வீட்டு டாக்டர் இருக்கிற தைரியத்தில்தான் வந்தேன் என்றார்.

எல்லாவற்றையும் சொன்னேன். நான் டாக்டர் இல்லை, பெரிய டாக்டர்தான் செய்வார், சொந்தக்காரர் என்பதால் நாளை என்னை உள்ளேயே விடமாட்டார்கள் என்றேன். அவர் நம்பவில்லை. "எம்புள்ள பொய் பேசமாட்டான். மாமனார அறுக்கணுமேன்னு பயந்துக்கினு நீதான் ஏதோ சொல்ற" என்றார். என்னைவிட உங்களைத்தான் நம்புகிறார், என்ன செய்வது!

எங்கள் நர்ஸ் தாட்சாயணி ஒரு வழி சொன்னாள். சரி என்று தலையாட்டிவிடு, மயக்கம் கொடுக்கும்வரை பக்கத்தில் நில், அப்புறம் அவருக்கு என்ன தெரியப்போகிறது என்றாள். எனக்கும் ஒரு நிமிடம் சபலம் தட்டியது. ஆனால் அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு கண் மூடுவார் என்று நினைத்ததும் முடியாது என்றுவிட்டேன். பெரிய டாக்டரும் கறாராகச் சொல்லிவிட்டார். யார் கத்தி வைக்கிறார்கள் என்று அறியாதவர்மேல் கத்தி வைக்க மாட்டேன் என்றார்.

நேற்றுக் காலை மாமா வேட்டியைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். நான் எவ்வளவோ கெஞ்சினேன். "எம்புள்ள வாயால சொல்லட்டும், அப்புறம் யாரு அறுத்தாலும் படுத்துக்கினு இருக்கேன்" என்பதுதான் அவருடைய கடைசிப் பேச்சு. வலி வந்தால் நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையை, அவர் கூடவே கிளம்பிய அத்தையிடம் கொடுத்திருக்கிறேன். இங்கே வார்டில் போன் அடித்தாலே நான்தான் ஓடிப்போய் எடுக்கிறேன்.

ஆகவே வெள்ளிக்கிழமை நீங்கள் சொல்லத்தான் வேண்டும். சின்ன டாக்டர், டாக்டர் மாதிரி என்று மழுப்பாதீர்கள். "நைனா, அவ டாக்டர் இல்ல, நான்தான் பொய் சொன்னேன்" என்று சொல்லுங்கள். மாமா திட்டுவார், வாங்கிக்கொள்ளுங்கள். ஊர் சிரிக்கும், சிரிக்கட்டும். பிறகு நான் என்ன வேலை செய்கிறேன் என்பதையும் சொல்லுங்கள். அதைச் சொல்லும்போது மட்டும் குரலை இறக்காதீர்கள்.

அன்றைக்கு நானே ஊருக்கு வந்து, மாமாவை வாடகைக் காரில் பூத்துக்கு அழைத்துவந்து, காரை வாசலிலேயே நிறுத்திவைத்திருப்பேன். மாமாவின் துணிப்பை அதிலேயே இருக்கும். அவர் ரிசீவரை வைத்ததும் நேராகத் திருப்பதிக்கு அழைத்துவந்துவிடுவேன்.

உங்களுக்கு ஒரு குறையும் வராமல் காளஹஸ்தி ஈஸ்வரன் காப்பாற்றட்டும். மாமாவை நீங்கள் காப்பாற்றுங்கள்.

இப்படிக்கு உங்கள் மனைவி,
கி. பு. சிவசங்கரி,
பிசிஷியன் அசிஸ்டென்ட்.